நாப்போலியில் ஒரு போறணைக் கடை

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்றதும் ஊரில் எவரும் ரோம் நகரைப் பற்றிக் கேட்கவில்லை. "ஹஸ்ரத், பீட்ஸா சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். முஅத்தின் கேட்டார். வகுப்பிலுள்ள சின்னப் பொடியன்கள் கேட்டார்கள். என் இளைய மகள் விமான நிலையத்திலேயே கேட்டுவிட்டாள். சாப்பிட்டேன் என்றால் உடனே அடுத்த கேள்வி வரும்: "ஹலாலா?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே கண்டவர்களிடமெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

2023ஆம் ஆண்டு றமழானில் மிலானோ நகரிலுள்ள நம்மவர்கள் சிலர் தராவீஹ் தொழுவிக்க என்னை அழைத்திருந்தார்கள். நோன்பு முடிந்து, ஏப்ரல் 21ஆம் திகதி பெருநாளும் கொண்டாடியாயிற்று. ஊர் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. எங்கே போக விருப்பம் என்று கேட்டார்கள். நான் நாப்போலி என்றேன். நாம் பாடப் புத்தகத்தில் நேப்பிள்ஸ் என்று படித்த ஊர்தான் அது. வெனிஸைக் காட்டலாம் என்றிருந்த நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "அங்க குப்பையும் கள்ளனும்தான் ஹஸ்ரத்" என்றார். இத்தாலியின் வடக்கில் இருப்பவர்கள் தெற்கைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதைப் பின்னர் விளங்கிக்கொண்டேன். நம் நாட்டிலும் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லையே.

நாப்போலி என்று நான் சொன்னதற்கு வெஸூவியஸ் எரிமலை காரணமல்ல. அங்கே என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இருந்தார்.

அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். 2003ஆம் ஆண்டு எங்கள் அறபுக் கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஓதினார். அப்போது வயது பதினான்கு, பதினைந்து இருக்கும். மனனம் நல்லது, ஆனால் மனம் கிதாபில் நிற்காது. மஃரிபுக்குப் பின் எல்லோரும் பாடம் பார்க்கும் நேரத்தில் இவர் மட்டும் குசினியில் சமையற்கார நானாவோடு இருப்பார். மா பிசைவார், விறகு தள்ளுவார். ஒரு நாள் இரவு கையில் மாவோடு பிடித்துக்கொண்டு வந்து, வகுப்பு முழுவதற்கும் முன்னால் நிறுத்தி, "நீ ரொட்டி சுடத்தான் லாயக்கு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு வயது இருபத்தேழு, இருபத்தெட்டு. புதிதாகப் பொறுப்பேற்ற உஸ்தாதுக்கு நாக்கு நீளமாக இருக்கும்.

அவர் இத்தாலிக்குப் போனதும், நாப்போலியில் பீட்ஸாக் கடையொன்றில் போறணை அடியில் வேலை செய்வதும் நீண்ட காலத்துக்குப் பின்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் மிலானோவில் இருப்பதைக் கேள்விப்பட்டு அவரே தொலைபேசியில் அழைத்தார். "ஹஸ்ரத் ஒருக்கா வரணும். ஒரு விசயம் கேக்க இருக்கு" என்றார்.

மிலானோவிலிருந்து அதிவேக ரயிலில் நாலரை மணித்தியாலம் செல்கிறது. நாப்போலி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஊருக்கு வந்துவிட்டதைப் போல இருந்தது. ஹோர்ன் சத்தம், நடைபாதையில் சப்பாத்துக் குவித்து விற்பவர்கள், சத்தம் போட்டுப் பேசும் பெண்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் பிள்ளை. மிலானோவில் ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலை நானும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

இந்த நகரத்தில் இலங்கையர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் வென்னப்புவ, மாரவில, நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர்கள். வென்னப்புவ பகுதிக்கே ‘சின்ன இத்தாலி’ என்ற பட்டப்பெயர் உண்டு அல்லவா, அந்தச் சின்ன இத்தாலியின் மறு கரை இங்கேதான் இருக்கிறது. பியாட்சா தாந்தே என்ற சதுக்கத்தில் சிறிது நேரம் நின்றால் போதும், சிங்களப் பேச்சு காதில் விழும். வீடுகளைப் பார்த்துக்கொள்வது, வயோதிபர்களைப் பராமரிப்பது, சமையல் இவைதான் தொழில்கள். நம்மவர்கள், அதாவது இலங்கை முஸ்லிம்கள், விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

மாணவர் சதுக்கத்தில் காத்திருந்தார். தாடியில் இரண்டு நரைமுடி கண்டேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டபோது அவருடைய விரல்கள் சொரசொரப்பாக, சில இடங்களில் சூடுபட்டுக் காய்த்திருந்தன. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான உம்மா ஊரில். 2011இல் வந்தாராம். முதல் ஐந்து வருடம் கட்டிலோடு கிடந்த ஒரு மூதாட்டியைப் பராமரித்திருக்கிறார். அந்த அம்மா இறந்த பின்னர் பீட்ஸாக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பின் மா உருட்டி, கடைசியில் போறணைக்கு வந்தவர்.

கடைக்குப் போகுமுன் ஊரைக் காட்டினார். ஸ்பாக்கா நாப்போலி என்றொரு தெரு. பழைய நகரத்தைக் கத்தியால் கீறினாற் போல் நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த வீடுகள், குறுக்கே கொடிகளில் உடுப்புகள். கருங்கல் பாவிய தரை. ஓரிடத்தில் நாலாம் மாடியிலிருந்து ஒரு கிழவி கயிற்றில் கூடையை இறக்கினாள். கீழே கடைக்காரன் பாணையும் எதையோ ஒரு போத்தலையும் வைத்து மேலே தட்டிவிட்டான். காசும் அந்தக் கூடையிலேயே வந்தது.

அதே வட்டாரத்தில் கீழைத்தேயக் கல்விக்கான பல்கலைக்கழகம் ஒன்றுண்டு. 1732இல் சீன இளைஞர்களுக்காகத் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்தது; அறபும் நீண்ட காலமாகக் கற்பிக்கப்படுகிறது. நாப்போலியின் மற்றப் பெரிய பல்கலைக்கழகம் அதைவிடவும் பழையது. 1224ஆம் ஆண்டு இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் நிறுவியது. சிசிலித் தீவில், முஸ்லிம் ஆட்சியின் நினைவு மறையாத பலர்மோவில் வளர்ந்தவர் அவர். அறபு அறிஞர்களுடன் தொடர்பு வைத்திருந்தவர். இவையெல்லாம் கிதாபுகளில் ஓர் ஓரத்தில் படித்தவை. கல்லாகவும் கதவாகவும் முன்னால் நிற்கும்போது வேறு மாதிரித்தான் இருக்கிறது.

மாணவருக்கு அந்தக் கட்டடங்களில் அவ்வளவு ஆர்வமில்லை. "ஹஸ்ரத், ஏழு மணிக்குக் கடை தொறக்கும். தொறந்த உடனே போகணும்" என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏனென்று பிறகுதான் சொன்னார்.

பெரிய வீதியை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினோம். உல்லாசப் பயணிகள் வரிசையில் நிற்கும் பிரபலமான கடை அல்ல அது. அந்த ஒழுங்கைக்காரர்கள் சாப்பிடும் கடை. உள்ளே எட்டு மேசைகள், வெளியே மூன்று. மேசைமேல் கடதாசி விரித்திருந்தது. சுவரில் உதைபந்தாட்ட வீரர் மரடோனாவின் படம். இந்த ஊரில் அவருக்கு இருக்கும் மதிப்பை நான் எழுதினால் நம்பமாட்டீர்கள். ஒரு மூலையில் வெண் பளிங்குக் கல் பதித்த மேடை, அதற்குப் பின்னால் வயிறு பெருத்த போறணை.

போறணை என்ற சொல்லைக் கேட்டு மாணவர் சிரித்தார். "ஹஸ்ரத், இவங்களும் ஃபோர்னோ எண்டுதான் செல்ற" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் பேச்சில் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் எத்தனை! பாண், போறணை, குசினி, மேசை, சப்பாத்து. போர்த்துக்கீச மொழியும் இத்தாலிய மொழியும் லத்தீன் தாயின் பிள்ளைகள். ஆகவே நாம் பாண் என்பதை இவர்கள் பானே என்கிறார்கள். நம் குசினி இவர்களுக்குக் குச்சீனா. பேருவளைக் கடைத்தெருவில் புழங்கும் சொல் நாப்போலியிலும் ஏறக்குறைய அப்படியே செல்லுபடியாகிறது.

உணவுப் பட்டியலை வாங்கி எழுத்துக் கூட்டினேன். அங்கே எனக்கு வேறு உறவினரும் கிடைத்தார்கள். கார்ச்சோஃபி என்று ஒரு காய். அறபியில் குர்ஷூஃப், கர்ஷூஃப் என்போமே, அதுதான். லிமோனே, நம் லைமூன். ஸூக்கெரோ, ஸுக்கர். கத்தரிக்காய்க்கு மெலன்ஸானா, அது பாதின்ஜானிலிருந்து உருமாறியது. கோப்பி குடிக்கும் கிண்ணம் தாட்ஸா. தாஸ் என்ற சொல்லைக் கிதாபுகளில் பார்த்திருக்கிறேன். இவற்றில் பல, 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை சிசிலியை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தோடும், மத்தியதரைக் கடல் வியாபாரத்தோடும் வந்தவை. புவியியலறிஞர் அல்-இத்ரீஸீ 1154இல் சிசிலி மன்னருக்காக எழுதி முடித்த நூலில், பலர்மோவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் ‘இத்ரிய்யா’ என்னும் உலர்ந்த மாப்பண்டம் செய்து, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்புவதைக் குறித்திருக்கிறார். இன்று உலகம் பாஸ்தா என்று சாப்பிடுவதற்கு இத்தாலியில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. வகுப்பில் இத்ரீஸீயின் பெயரைச் சொல்லும்போது இனி இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்லுவேன். பொடியன்கள் நித்திரை கொள்ளமாட்டார்கள்.

இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

பட்டியலில் ஏறக்குறைய பத்து வகை. அவற்றில் நாலைந்தில் பன்றி இறைச்சி. அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. மீதியில் பெரும்பாலானவற்றில் மொஸரெல்லா என்னும் பாற்கட்டி. பாலைத் திரைய வைக்க ‘உறைப்பான்’ ஒன்று போடுவார்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. கிதாபுகளில் அதற்கு இன்ஃபஹா என்று பெயர். எருமைப் பாலில் செய்யும் பெயர்பெற்ற கம்பானிய மொஸரெல்லாவுக்குக் கன்றின் உறைப்பானையே போடவேண்டும் என்பது அதற்குரிய விதி. ஷரீஅத் முறைப்படி அறுக்கப்படாத கன்றின் உறைப்பான் நஜிஸ் என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் அதைச் சுத்தமானதென்றார்கள். வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவைப் பற்றிய சட்டமும், இக்காலத்து இறைச்சிக் கொட்டில்களின் நடைமுறையும் இதற்குள் வந்து சேரும். மிலானோவில் இந்த மஸ்அலாவைக் கேட்டே ஒரு மாதம் போனது. ஒவ்வொரு தராவீஹுக்குப் பின்னும் யாராவது ஒருவர் ஒரு பாற்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

மாணவர் இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தார். "ஹஸ்ரத்துக்கு மரினாரா" என்றார்.

மரினாரா என்பது பீட்ஸாக்களில் மிகவும் ஏழை. பாற்கட்டி கிடையாது. இறைச்சி, மீன் எதுவும் கிடையாது. தக்காளி, உள்ளி, ஒரெகானோ என்ற காய்ந்த இலை, ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான். கடலோடிகளின் பெயரால் வந்ததென்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த மார்கரீட்டாவுக்கோ அரச குடும்பத்துக் கதை. 1889இல் இத்தாலிய அரசி மார்கரீட்டா நாப்போலிக்கு வந்தபோது ரஃபாயேலே எஸ்போஸிட்டோ என்ற சமையற்காரர் தக்காளி, மொஸரெல்லா, துளசியைப் போன்ற பசீலிக்கோ இலை மூன்றையும் வைத்துச் சுட்டுக் கொடுத்தார், அது நாட்டுக் கொடியின் மூன்று நிறம் என்பார்கள். வரலாற்று ஆய்வாளர் சிலர் இதை முழுதாக ஏற்பதில்லை. எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். பெரிய மனிதரின் பெயர் ஒட்டினால்தான் ஏழை உணவுக்கு மதிப்பு வரும் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். கொலம்பஸ் போய் வந்த பின்னரும் நெடுங்காலம் அதை இங்கே நம்பிச் சாப்பிட்டவர் குறைவு. நாப்போலியின் ஏழைகள்தான் அதைப் பாண்மேல் பூசிச் சாப்பிட்டுப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள்.

"மாவுல என்ன சேருது?" என்று கேட்டேன். ஆசிரியர் குரல் தானாக வந்துவிட்டது.

"கோதுமை மா, தண்ணி, உப்பு, ஈஸ்ட். வேற ஒண்டும் இல்ல ஹஸ்ரத். எண்ணெய்கூட மாவுக்குள்ள போடுறல்ல."

அதுதான் இந்த ஊர் முறை. முன்னொரு காலத்தில் பீட்ஸாவின் மேல் பன்றிக் கொழுப்புத் தடவும் வழக்கம் இருந்ததுண்டு. இன்று ஒலிவ் எண்ணெய். 1984இல் இதற்கென ஒரு சங்கம் அமைத்து விதிகளை எழுதி வைத்தார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியமும் இந்த முறைக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 2017 டிசெம்பரில் யுனெஸ்கோ நாப்போலியின் பீட்ஸாக் கலையை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. விதிகளில் சில வேடிக்கையானவை. உருளையால் மாவைத் தட்டக்கூடாது, கையால்தான் விரிக்கவேண்டும். வட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேற்போகக் கூடாது. விறகுப் போறணையில் 60 முதல் 90 விநாடிக்குள் வேகவேண்டும்.

"அப்ப இந்தப் போறணை?" என்றேன். மற்ற வகைகளும் அதே தளத்தில்தானே வேகின்றன என்பதுதான் என் கேள்வி. அவருக்கு விளங்கியது.

"அதுக்குத்தான் ஹஸ்ரத்தை ஏழு மணிக்குக் கூட்டி வந்த. மத்தியானம் எல்லாம் வழிச்சிக் கூட்டித் துடைச்சி, நெருப்பு ஏத்தி மூணு மணித்தியாலம். இண்டைக்குப் பின்னேரம் இன்னும் ஒண்டும் உள்ள போகல்ல. பலகை புதிசு. நான் வீட்டிலேருந்து கொண்டு வந்த."

மேடையில் ஒரு பலகை தனியாக, துணியில் சுற்றி இருந்தது. எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

ஹனஃபீ கிதாபுகளில் நஜிஸ் பட்ட போறணையை நெருப்புச் சுத்தப்படுத்தும் என்ற பேச்சு வருகிறது; ஷாஃபிஈ மத்ஹபில் அப்படியல்ல. கழுவவேண்டும், பன்றியின் அசுத்தமென்றால் ஏழு தடவை, அதிலொன்று மண் கலந்து. மறுபுறம், சந்தேகத்தால் உறுதி நீங்காது என்ற அடிப்படையும் இருக்கிறது. அந்தத் தளத்தில் குறிப்பிட்ட இடத்தில் அசுத்தம் பட்டதை நான் பார்க்கவில்லை. இப்படியெல்லாம் மனத்துக்குள் ஒரு மஜ்லிஸ் நடந்தது. பக்கத்திலிருந்த மிலானோ நண்பர் பசியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தளத்துல படாம, ஒரு தட்டுல வெச்சி வேக வைக்க ஏலுமா?" என்று கேட்டேன். மாணவர் கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் அறுபது வயதான, தொந்தி பெருத்த மனிதர். வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். நாப்போலிக்காரனிடம் பீட்ஸாவைத் தட்டில் வைத்துச் சுடு என்பது, நம் பண்டாரியிடம் புரியாணிக்கு வத்தாளங்கிழங்கு போடு என்பதைப் போல. ஆனாலும் உள்ளே போய், கடையில் புழங்காத ஒரு புதிய இரும்புத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

போறணையடிக்கு நானும் எழுந்து போனேன். மாணவர் ஓர் உருண்டையை எடுத்தார். இருநூறு கிராமுக்குச் சற்றுக் கூட இருக்கும். காலையில் பிசைந்து, ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் புளிக்க விட்ட மா. விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினார். உள்ளேயுள்ள காற்று விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த விளிம்புதான் போறணையில் வீங்கி வரும். பிறகு இரண்டு கையாலும் மேடையில் அடித்துத் திருப்பினார். நம் ரொட்டிக் கடைகளில் பார்க்கும் அதே கைவீச்சு. தக்காளியைக் கரண்டியின் அடியால் வட்டமாகத் தடவி, உள்ளியைச் சீவிப் போட்டு, எண்ணெயைச் சுழற்றி ஊற்றினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

போறணைக்குள் 450 பாகைக்கு மேல் வெப்பம். வாயருகே நிற்கவே முகம் எரிந்தது. அவர் நெருப்பைப் பார்த்தபடி நின்றார். நான் பின்னால் நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"மகன், அண்டைக்கு வகுப்புல நான் சொன்ன வார்த்தைக்கு என்னை மன்னிச்சிருங்க."

"எந்த வார்த்தை ஹஸ்ரத்?" என்றார், திரும்பாமல்.

அவருக்கு நினைவிருக்கிறது என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. நான் திரும்பச் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருந்ததோ என்னவோ. தட்டில் வைத்ததால் இரண்டரை நிமிடம் எடுத்தது. அவர் தட்டைத் திருப்பினார், மீண்டும் திருப்பினார், வெளியே எடுத்தார். "கொஞ்சம் கருகிட்டு ஹஸ்ரத்" என்றார். உண்மையில் கருகவில்லை. இந்த ஊரில் விளிம்பில் புலிப் புள்ளி மாதிரிக் கறுப்பு விழத்தான் வேண்டுமாம்.

கொழும்பில் பெட்டியில் வரும் பீட்ஸாவைச் சாப்பிட்டவர்களுக்கு இது வேறு பண்டம். வெட்டித் தருவதில்லை. முழுதாகப் பீங்கானில் வருகிறது, கத்தி முள்ளுக்கரண்டியோடு. நடுப்பகுதி மெல்லியதாக, தக்காளிச் சாறும் எண்ணெயுமாக ஈரமாக இருக்கிறது, தூக்கினால் தொங்கிவிடும். தட்டில் சுட்டதால் என்னுடையது கொஞ்சம் இறுகியிருந்ததென்று மாணவருக்குக் கவலை. எனக்குத் தெரியவில்லை. தக்காளியின் புளிப்பும் இனிப்பும், உள்ளியின் வாசனையும், விறகுப் புகையும். ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டபோது, வாப்பாவோடு சுபஹுக்குப் பின் பேக்கரிக்குப் போய்ச் சுடச்சுட வாங்கிய ரோஸ் பாணின் நினைவு வந்தது. பிஸ்மி சொல்லிக் கையாலேயே சாப்பிட்டேன். கடைக்காரர் பார்த்துத் தலையாட்டினார். தெருவில் விற்கும் பீட்ஸாவை இந்த ஊர்க்காரர்களும் நாலாக மடித்துக் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

ஒரு விடயம் மட்டும் மனத்துக்கு ஒட்டவில்லை. மூன்று பேர் ஒரு சஹனில் சாப்பிட்டுப் பழகிய நாம், இங்கே ஆளுக்கொரு பீங்கான். நண்பரின் பக்கம் ஒரு துண்டைப் பிய்த்து வைத்தேன். பக்கத்து மேசைச் சிறுமி வியப்போடு பார்த்தாள்.

எட்டு மணிக்கு முன்னரே கடை நிரம்பத் தொடங்கியது. வேலை முடிந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு தம்பதிகள், தாத்தாவும் பேரனும். சில மேசைகளில் பியர் வந்தது. எங்களுக்கு மாணவர் போறணைக்கு அருகே, சுவரைப் பார்த்த மூலை மேசையைப் பிடித்திருந்தார். மது சுற்றும் மேசையில் அமரக்கூடாதென்ற எச்சரிக்கை எனக்குத் தெரியும். எங்கள் மேசையில் தண்ணீர்தான். ஆனாலும் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் அவர் தன் கேள்வியைக் கேட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தார்.

"ஹஸ்ரத், நான் மத்தவங்களுக்குச் சுடுறத்துல பன்றி இறைச்சியும் இருக்கு. தொடாம இருக்க ஏலாது. என்ட சம்பளம் எப்பிடி? ஊருல வீடு கட்டின இதுல. உம்மாட மருந்தும் இதுலதான். ஒம்போது வருசமா யாருக்கிட்டயும் கேக்கல்ல. பயத்துல."

பிறகு லேசாகச் சிரித்து, "ஃபத்ஹுல் முஈன்ல நஜாஸத்துப் பாடம் முடியிறதுக்கு முந்தியே நான் ஓடிட்டன்" என்றார்.

முதலில் நான் அவருக்கு அவருடைய கணக்கைத் திருத்தினேன், ஒன்பதல்ல, ஏழு வருடம்தானே என்று. ஆசிரியப் புத்தி! பிறகு கிதாபிலுள்ளதை மறைக்காமல் சொன்னேன். பன்றி இறைச்சியை விற்பனைக்காகச் சமைக்கும் பகுதிக்குக் கிடைக்கும் கூலி ஆகுமானதல்ல. தக்காளியும் மாவும் சுடும் உழைப்பு அப்படியல்ல. இரண்டும் கலந்த சம்பளத்தைப் பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். வேறு இடம் தேடவேண்டும், தேடும்வரை குடும்பத்தைப் பட்டினி போடவும் முடியாது. பழைய வீட்டைப் பற்றி உடனே தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை, ஊரில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சுட்ட ரொட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

"மரினாராவும் மார்கரீட்டாவும் மட்டும் சுடுற கடையும் இந்த ஊருல இருக்கு ஹஸ்ரத்" என்றார் சிறிது நேரத்தின் பின். "பழைய கடைகள். ஆனா அங்க இடம் கெடைக்கிறது லேசில்ல." அது உண்மை. 1870இல் தொடங்கிய ஒரு பெயர்பெற்ற கடை நெடுங்காலமாக இந்த இரண்டை மட்டுமே சுட்டு வந்திருக்கிறது.

பணம் செலுத்தப் போனேன். மரினாரா 5 யூரோ. அதோடு மேசைக்கும் பாணுக்குமென்று ஆளுக்கு ஒன்றரை யூரோ சேர்க்கிறார்கள். இருந்ததற்கும் காசா என்று நண்பரிடம் கேட்டேன். இத்தாலியில் பல இடங்களிலும் அப்படித்தானாம். ஆனால் கடைக்காரர் வாங்கவில்லை. உஸ்தாத் என்று மாணவர் என்ன சொல்லி வைத்திருந்தாரோ தெரியாது. "மாயெஸ்த்ரோ, மாயெஸ்த்ரோ" என்று என் தோளைத் தட்டினார். இந்த ஊரில் முன்பு ‘இன்று சாப்பிடு, எட்டாம் நாள் காசு கொடு’ என்று பீட்ஸாக் கடன் இருந்ததாம். நம் கடைகளின் கடன் கொப்பி மாதிரி. இன்றும் சில கோப்பிக் கடைகளில் ஒரு கோப்பி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துப் போவார்கள். இரண்டாவது, பின்னால் வரும் யாரோ ஒரு ஏழைக்கு. மிலானோ நண்பர் இதைக் கேட்டுவிட்டு, குப்பை, கள்ளன் என்ற பேச்சை அன்று இரவு திரும்ப எடுக்கவில்லை.

மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. மெர்காத்தோ சதுக்கத்தருகே ஒரு பள்ளிவாசல் உண்டு. மாணவர் அரை மணித்தியாலம் அனுமதி கேட்டு எங்களோடு வந்தார். ஸஃப்பில் பக்கத்தில் நின்றபோது அவர் உடையிலிருந்து விறகுப் புகை மணந்தது. தொழுது முடிந்ததும் ஸலாம் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கடைக்குத் திரும்பினார். அது நெருக்கடியான நேரம்.

ஊர் வந்தபின் மூத்த ஆலிம்கள் இருவரிடம் அவருடைய மஸ்அலாவை எடுத்துச் சென்றேன். ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். மற்றவர் வீட்டையும் உம்மாவின் மருந்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. இனிமேலுள்ளதைப் பார்க்கச் சொல்லி, சதகா பற்றியும் சொன்னார். இருவரின் பதிலையும் கூட்டாமல் குறைக்காமல் குரல் பதிவாக அனுப்பி வைத்தேன். இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. பிறகு, "ஜஸாக்கல்லாஹ் ஹஸ்ரத். பாக்குறன்" என்று மட்டும் வந்தது.

அண்மையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மரப்பெட்டியில் வரிசையாக மா உருண்டைகள், பின்னால் வெண் பளிங்கு மேடை. பழைய கடையின் மேடையா, வேறு கடையா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. கேட்கவுமில்லை.